சாணுக்குக் குறைந்த மீன்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லிக்கொள்ளும் முட்டாள் இல்லை. சாட்சியோடு நிரூபிக்கக்கூடிய முட்டாள். பதினொன்றாம் வயதில், ஒரு தூண்டில் முள் போய்விடுமே என்று பார்த்து ஒரு விரலைக் கெடுத்தவன். அந்த விரல் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறது. என் தங்கையின் வலது கை ஆள்காட்டி விரல். ஐம்பது வருஷத்துக்கு மேலாயிற்று, இன்னும் மடங்காது. அவள் சோறு பிசைந்தாலும் புடவை மடித்தாலும் அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். எதிரில் உட்கார்ந்தால் என்னைத்தான் காட்டுவதுபோல இருக்கும். அதனால் அவள் வீட்டில் நான் எப்போதும் பக்கவாட்டில்தான் உட்காருவேன். முதுகு வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சுரங்கக்காரர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் என்னோடு கோலி ஆடி, இப்போது சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போன பிள்ளைகள் திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அந்தத் தகரப் படகு உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன்.

அப்பா தங்கச் சுரங்கத்துக்குள் காற்றுக் குழாய் பொருத்தும் ஃபிட்டர். கீழே லெவலில், பூமிக்கடியில், வேலை செய்கிறவர்களுக்கு மூச்சு விடக் காற்று வேண்டுமே, அதற்காகத் தகரத்தில் ஆள் நுழையும் பருமனில் குழாய்கள் போகும். அதை மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. அவர் வாலிபத்தில் பேத்தமங்களா ஏரியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியைப் பார்த்திருக்கிறார். ஒடுங்கிய படகில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் பலகை வைத்த ஒரே துடுப்பை இப்படியும் அப்படியும் போட்டுக்கொண்டு, தனியாக மீன் பிடித்தாராம். அதிகாரி தன் ஊருக்குப் போய் வெகுநாள் ஆகிவிட்டது. படகு மட்டும் அப்பாவின் தலைக்குள் மிதந்துகொண்டே இருந்தது.

ஓட்டை விழுந்து தூக்கிப்போட்ட காற்றுக் குழாய் ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்தார். நீளவாக்கில் பிளந்து, தட்டி, இரண்டு முனையையும் குறுக்கி ஈயம் வைத்து அடைத்தார். துடுப்புக்கு மூங்கில். அதன் இரண்டு பக்கமும் வெடிமருந்து வந்த பெட்டியின் பலகை. ஒரு மாதம் எங்கள் வீட்டு வாசலில் தட்டுகிற சத்தம்தான். வேலை முடிந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா ஃபிட்டரே, பொட்டி நல்லாத்தான் கீது. செத்த ஆளு ஆரு?" என்று கேட்டார். அப்பா அவரோடு இரண்டு வாரம் பேசவில்லை.

பேத்தமங்களாவிலிருந்து காய்கறி ஏற்றி வந்து வெறுமனே திரும்பும் வண்டியில் அதைப் போட்டு ஏரிக்கு அனுப்பினோம். அப்பா முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். படகு ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு அவரைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டு, தான் மட்டும் நல்லபடியாக மிதந்தது. மூன்று தடவை ஏறினார், மூன்று தடவையும் அதே மரியாதை. கடைசியில் கரையில் நின்ற எங்கள் இருவரையும் பார்த்தார். எனக்குப் பதினொன்று, தங்கைக்கு ஒன்பது. இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தினாலும் ஒரு ஆள் எடை வராது. அந்தக் காலத்தில் வயிற்றுக்கு அவ்வளவுதான் கிடைத்தது. எங்களை ஏற்றினார். படகு ஆடவில்லை.

இப்படித்தான் அந்தக் கோடையில் அப்பாவின் ஆசை எங்கள் கைக்கு வந்தது.

எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது என்பதை அவர் அன்றைக்கே மூன்று முறை நிரூபித்திருந்தார். ஆகவே படகின் பின்னால் ஒரு நீளக் கயிறு. கயிற்றின் மறுமுனை கரையில் புளியமரத்தடியில் படுத்திருக்கும் அப்பாவின் கால் கட்டைவிரலில். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவர், தூங்காமல் இருக்க முடியாது. கயிற்றை இழுக்கும் கணக்கு சுரங்க ஷாஃப்டில் ஆளை ஏற்றி இறக்கும் கேஜுக்கு, அந்தக் கூண்டுக்கு, அடிக்கும் பெல் கணக்கு. ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு, அதாவது கயிறு விடு. மூன்று என்றால் உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்து மெதுவாக மேலே எடு. சந்தேகமாக ஒரு பெல் விழுந்தால் மேலே கேஜை இழுக்கும் எஞ்சினில் இருப்பவர் எதையும் அசைக்கக்கூடாது. சரியான பெல் வரும்வரை அப்படியே நிற்கவேண்டும். இதை அப்பா எங்களை நிற்கவைத்து ஒப்பிக்கச் சொன்னார். வாய்ப்பாடு தெரியாத எனக்கு இது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்த விகாரையில் பஞ்சசீலம் சொல்வோம். உயிரைக் கொல்லமாட்டேன் என்பது முதலாவது, பொய் சொல்லமாட்டேன் என்பது நாலாவது. சொல்லி முடித்த வாயோடு சைக்கிளில் ஏறுவோம், நான் முன்கம்பியில், தங்கை பின்னால் கேரியரில், அவள் மடியில் தூக்குச் சட்டி. சட்டியில் முந்தின நாள் ராகிக் களி. பாதி எங்களுக்கு, பாதி மீனுக்கு. முதல் சீலத்தை மத்தியானத்துக்குள்ளும் நாலாவதைச் சாயங்காலத்துக்குள்ளும் முடித்துவிட்டு வீடு திரும்புவேன். நடுவில் இருக்கும் இரண்டுக்கும் வயசு போதவில்லை, ஏதோ தப்பித்தன.

ஏரிக் காவல்காரர் பேத்தமங்களாக்காரர். கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் திட்டித் தமிழில் முடிப்பார். அவர் எங்களைப் பார்க்காத மாதிரி இருப்பதற்கு ஒரே நிபந்தனை வைத்தார். தன் கையைப் படகின் விளிம்பில் விரித்து வைத்து, கட்டைவிரல் நுனியிலும் சுண்டுவிரல் நுனியிலும் ஆணியால் கோடு போட்டார். "இதுக்குச் சிக்கது பேடப்பா, சின்னது வேணாம். உயிரோட வுடணும். செத்து மெதந்தா படகு கரை மேல ஏறிடும், ஆமா." அவர் கை முறம் மாதிரி. அந்தச் சாணுக்கு மேல் ஒரு மீன் வளர்ந்திருந்தால் அது எங்கள் தூண்டிலில் ஏன் மாட்டப்போகிறது? பத்துக்கு எட்டு குஞ்சுக் கெண்டைதான். பிடிப்பதைவிட விடுவதுதான் வேலையாகப் போயிற்று.

பிடிப்பது நான். விடுவது தங்கை.

அவள் என் எதிரில், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பாள். மீனைத் தண்ணீரைவிட்டு மேலே எடுக்கவிடமாட்டாள். முதலில் கையை நனைத்துக்கொள்வாள். காய்ந்த கையால் தொட்டால் மேலே இருக்கும் வழவழப்பு போய்விடும், அப்புறம் மீனுக்குப் புண் வரும் என்பாள். அவளுக்கு யார் சொன்னது என்று தெரியாது. ஒருவேளை மீனே சொல்லியிருக்கும். இடது கையில் அதைத் தண்ணீருக்குள்ளேயே படுக்க வைத்து, வலது கை ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டு, முள்ளின் வளைவில் நகத்தைக் கொடுத்து ஒரு திருப்பு. வந்துவிடும். உடனே விடமாட்டாள். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே இருப்பாள். செவுள் இரண்டு மூன்று தரம் திறந்து மூடும். வால் அசையும். தானாகக் கையை விட்டு நழுவும். "போச்சு" என்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு "போச்சு". ஒருநாளும் அவள் மீனைத் தள்ளிவிட்டதில்லை.

சில மீன் களி உருண்டையோடு முள்ளையும் விழுங்கிவிடும். அப்போது தூண்டில் நரம்பை மீன் வாய்க்குப் பக்கத்தில் பல்லால் கடித்து அறுத்துவிடுவாள். முள் உள்ளேயே இருக்கட்டும், துருப்பிடித்துத் தானே கழன்றுவிடும், இழுத்தால் குடலும் செவுளும் சேர்ந்து வரும் என்பாள். இதில்தான் எங்களுக்குள் சண்டை. அவளுக்கு மீன் கணக்கு, எனக்கு முள் கணக்கு. என்னிடம் இருந்தவை மூன்று முள். இரண்டை இப்படி மீன் வயிற்றில் கொடுத்து அனுப்பியாயிற்று.

இங்கே இன்னொன்றைச் சொல்லவேண்டும். அந்தக் கோடையில்தான் அப்பாவின் கூட்டாளி ஒருவருக்குக் கீழே கை நசுங்கியது. இரண்டு குழாய் சேரும் இடத்தில் போல்ட் மாட்ட அவர் விரலை வைத்திருக்கிறார், மேலே இருந்த ஒருவன் அவசரப்பட்டுச் சங்கிலியை இழுத்துவிட்டான். இரண்டு விரல் போயிற்று. விசாரணை வைத்து, அடிபட்டவரின் சொந்தக் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அம்மா தட்டு வைத்ததும் அதைத் தள்ளிவிட்டு, "மேல இருந்தவன் இழுத்தான், கீழ இருந்தவன் விரலு போச்சி. தப்பு ஆர்து? விரலோடதாம்" என்றார். இழுத்தவன் சாட்சி சொன்னானாம், தான் எதையும் தொடவே இல்லை என்று. அப்படிப்பட்டவன் எப்படித் தூங்குவான் என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பதில் தெரியாது. இப்போது தெரியும். நன்றாகவே தூங்குவான். பதினொரு வயசில் தூக்கம் நன்றாக வரும். அறுபதுக்கு மேல்தான் தகராறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தகரம் சுட்டுக்கொண்டிருந்தது, அடிக்கடி தண்ணீரை அள்ளி விளிம்பில் தெளித்துக்கொள்வோம். பத்து மீன் மாட்டி, பத்தும் கோட்டுக்குக் குறைவு. பதினொன்றாவதும் குஞ்சுக் கெண்டைதான், என் கையில் அரைச் சாண் இருக்கும். வயிற்றுப் பக்கம் மஞ்சளாக மின்னியது. முள்ளை விழுங்கியிருந்தது. தங்கை எட்டிப் பார்த்து, "அறுத்துடறேண்ணா" என்றாள். கடைசி முள், அறுத்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றேன். அப்படியானால் கொஞ்சம் பொறு, விரல் எட்டுகிறதா பார்க்கிறேன், நீ நரம்பைத் தொடாதே என்றாள். விரலை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். விரலால் பார்ப்பவள் அவள், கண் தேவைப்படாது.

நரம்பு என் கையில் சுற்றியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கொஞ்ச தூரத்தில் தண்ணீர் பெரிதாகப் புரண்டது. விரால். என் முழங்கை நீளம் இருக்கும். என்னிடம் இருக்கும் ஒரே முள் ஒரு குஞ்சின் தொண்டையில். அவளோ கண்ணை மூடிக்கொண்டு தியானத்தில். எவ்வளவு நேரம் பொறுத்தேன் என்று நினைக்கிறீர்கள்? பத்து எண்ணும் நேரம்கூட இல்லை.

இழுத்தேன்.

முள் வந்தது. மீனின் வாயை விட்டு வந்து, வழியில் இருந்த விரலுக்குள் போயிற்று. முள் நுனியில் திரும்பிப் பார்க்கும் அந்தச் சின்னப் பல்லும் சேர்ந்து, இரண்டாம் கணுவுக்குப் பக்கத்தில், வளைவு வரைக்கும் இறங்கிவிட்டது.

அவள் கத்தவில்லை. "ஆட்டாதண்ணா" என்று மட்டும் சொன்னாள். நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். எத்தனை தரம் என்று கேட்காதீர்கள். ஒன்று, நாலு, இரண்டு, ஏழு. கரையில் அப்பா எழுந்து உட்கார்ந்தது தெரிந்தது. கயிற்றைக் கையில் எடுத்தார். எழுந்து நின்றார். அசையவில்லை. பெல் சரியில்லை, ஆகவே எஞ்சின் நிற்கவேண்டும். இருபது வருஷம் அப்படித்தான் பழகியவர். மகள் விரலில் முள்ளோடு நடு ஏரியில் இருக்க, அவர் சட்டத்தை மதித்துச் சிலை மாதிரி நின்றார். நான் இன்னும் வேகமாக இழுத்தேன். அவர் இன்னும் நன்றாக நின்றார்.

தங்கை இடது கையில் மீனை விடவில்லை. தண்ணீருக்குள் என் பக்கம் நகர்த்தினாள். "இத்தப் புடி. கைய நனைச்சிக்க. மேல எடுக்காத, தள்ளாத. அதா போவும்." நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவள் இடது கையால் கயிற்றைப் பிடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. படகு கரையைப் பார்த்து நகர்ந்தது.

அப்பா அவளைத் தூக்கிப் புளியமர நிழலில் உட்காரவைத்தார். நான் மீனோடு கரையோரத் தண்ணீரில் இறங்கி நின்றேன். சைக்கிள் பையிலிருந்து பிளையர் வந்தது. முள்ளைப் பின்னால் இழுத்தால் சதை கிழியும். அதனால் முன்னாலேயே தள்ளி, நுனியை வெளியே வரவைத்து, அந்தப் பல்லை வெட்டிவிட்டு, பிறகு உருவவேண்டும். அவர் தள்ளினார். தோல் கூடாரம் மாதிரி எழும்பி, பிறகு கிழிந்தது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. எனக்கு வலிக்கிற மாதிரி நான் கையை இறுக்கிக்கொண்டிருந்தேன். பிளையர் சத்தம் கேட்டு முள் வெளியே வந்த பிறகுதான், இறுக்கிய கை எது, அதற்குள் என்ன இருக்கிறது என்று நினைவு வந்தது.

கை தண்ணீருக்கு மேலே இருந்தது. செவுளில் ரத்தம். தண்ணீரில் விட்டேன். சாய்ந்தது. நிமிர்த்தினேன். மறுபடி சாய்ந்தது. காலால் படகுக்கு அடியில் தள்ளினேன்.

"போச்சாண்ணா?" என்று மரத்தடியிலிருந்து கேட்டாள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"போச்சு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. "வால ஆட்டிக்கினே போச்சு. ஒருவாட்டி திரும்பிக்கூடப் பாத்துச்சு" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

அப்பா தன் துண்டைக் கிழித்து விரலைக் கட்டினார். பிறகு விசாரணை. எப்படி ஆயிற்று என்று அவளைக் கேட்கவில்லை. அடிபட்டவரை முதலில் கேட்கும் வழக்கம் அவர் பார்த்த விசாரணைகளில் இல்லை. சாட்சியைக் கேட்டார். "நீ பாத்தியா?"

"அவளேதாம்பா குத்திக்கினா. கண்ண மூடிக்கினு இருந்தா."

இரண்டாவது வாக்கியம் உண்மை. அதனால்தான் முதல் வாக்கியம் செல்லுபடியானது. அப்பா அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வைக்கு நான் எத்தனையோ அர்த்தம் எழுதிப் பார்த்துவிட்டேன், எதிலும் எனக்குச் சாதகமாக வரவில்லை.

தீர்ப்பு அங்கேயே ஆயிற்று. கவனமில்லாத ஆள் இனிமேல் படகில் ஏறக்கூடாது. கூட்டாளிக்கு எழுதியதைக் கேட்டுச் சோற்றைத் தள்ளிய அதே மனிதர், அதே வார்த்தையைத் தன் மகளுக்குச் சொன்னார். சொன்னதே அவருக்குத் தெரியவில்லை. அப்போது அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் போகும்போது பெடலிலிருந்து அவர் கால் இரண்டு தரம் வழுக்கியது. பயந்துபோயிருந்தார் என்று இப்போது புரிகிறது. இன்னொருவனின் அவசரம் காரணம் என்றால் அது எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும். கவனக்குறைவு என்றால் ஆளை எடுத்துவிட்டால் போதும். விசாரணை எழுதுகிறவர்களுக்கும் அதுதான் நிம்மதி போல.

அம்மா மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். விரல் வீங்கிச் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் கீறிவிட்டார்கள். புண் ஆறியது, மடக்கு போயிற்று.

புண் ஆறுவதற்கு முன்பே ஒரு ஞாயிறு தங்கையும் வந்தாள். கட்டுப்போட்ட கையோடு கரையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடிக்கும் வேலை அவளுக்கு. நான் ராஜா மாதிரி தனியாகப் படகில். புது முள் இரண்டு வாங்கியிருந்தேன். மீன் மாட்டியது. என் விரல் அதன் வாய்க்குள் போகவில்லை. போனாலும் எதைத் தேடுவது என்று அதற்குத் தெரியவில்லை. இழுத்தேன், பிய்த்தேன், எறிந்தேன். எறிந்தவை தண்ணீரில் விழுந்தன, நான் அடுத்த களி உருண்டையைப் பிடித்தேன். அன்று காற்று கரைப் பக்கம் அடித்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

கரைக்கு வந்தபோது காவல்காரர் நின்றுகொண்டிருந்தார். தங்கைக்கு முன்னால் ஈர மணலில் ஏழு குஞ்சு மீன் வரிசையாகக் கிடந்தது, எல்லாம் வெள்ளை வயிற்றோடு. ஒவ்வொன்றாக அலை கொண்டுவந்து கொடுக்க, இடது கையால் எடுத்து வைத்திருக்கிறாள். காவல்காரர் திட்டவில்லை, எந்த மொழியிலும். படகின் விளிம்பில் இருந்த ஆணிக் கோட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துக் கையைக் கரைப் பக்கம் காட்டினார்.

நான் எல்லோரையும் சிரிக்கவைக்க, மீனுக்கெல்லாம் வெயிலில் மயக்கம் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கை அந்த ஏழையும் திரும்ப ஒருமுறை பார்த்தாள். எண்ணுகிற மாதிரி இல்லை. ஏதோ ஒன்றின் அடையாளத்தைத் தேடுகிற மாதிரி.

படகு அதே காய்கறி வண்டியில் வீடு வந்தது. அப்பா அதைக் கவிழ்த்துக் குளிக்கும் மறைப்புக்குக் கூரையாக்கினார். மழை பெய்தால் உள்ளே நிற்பவருக்குக் காது அடைத்துப்போகும். ஆணிக் கோடு இரண்டும் நேர் தலைக்கு மேல். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பழைய இரும்புக்காரன் கொண்டுபோயிருப்பான். அப்பா அதைப் பற்றி அதற்கு முன்பே பேசுவதை நிறுத்தியிருந்தார்.

தங்கை பேனாவை நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து எழுதப் பழகினாள். திமிர் என்று நினைத்து ஒரு டீச்சர் அந்த நீட்டிய விரலிலேயே அடித்தார். வீட்டில் வந்து சொல்லவில்லை; நானும் அதே பள்ளி, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்புறம் நர்சு வேலைக்கு ஆள் எடுத்தபோது போனாள். கையை நீட்டச் சொன்னார்கள், மடக்கச் சொன்னார்கள், போகச் சொன்னார்கள். அந்த விரலைவிட நல்ல விரல் அவர்களுக்குக் கிடைத்திருக்காது என்று சொல்ல அங்கே ஒரு சாட்சி வேண்டியிருந்தது. சாட்சி அன்று ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் நண்பர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான்.

போன மாசம் அவள் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் குழாயடியில் மணை போட்டு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கெண்டை. நல்ல பெரிசு, காவல்காரர் சாணுக்கு ஒன்றரை இருக்கும். செதில் தெறித்து அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது. விரல் வழக்கம்போல நீட்டிக்கொண்டு தனியாக நின்றது. நான் என் வழக்கப்படி பக்கவாட்டில் உட்காரப் போனேன். பிறகு என்ன தோன்றியதோ, எதிரிலேயே உட்கார்ந்தேன். முட்டி இடிக்கவில்லை, இரண்டு பேருக்கும் இப்போது மடக்க வராது.

சொல்லிவிட்டேன். நீ குத்திக்கொள்ளவில்லை, நான்தான் இழுத்தேன், விராலுக்கு ஆசைப்பட்டு, பொறுக்க முடியாமல் இழுத்தேன், அப்பாவிடம் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பது வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததால் தடங்கலே இல்லாமல் வந்தது. நடுவில் ஒரு இடத்தில் நகைச்சுவைகூட வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. சொல்லி முடித்து, அவள் அழுவாளோ திட்டுவாளோ என்று காத்திருந்தேன்.

அவள் குழாயை மூடினாள். புறங்கையால் கன்னத்தில் இருந்த செதிலைத் துடைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது அன்னிக்கே தெரியும், மீனு போச்சா இல்லியா, அத்தச் சொல்லு."